மயிலுக்குப் போர்வை, முயலுக்குப் பால்

1

போன வருஷம் ஆடி மாசம் இரண்டு முயல்குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா மகளுக்கு ஒன்பது வயது, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல். இரண்டையும் சேர்த்தே ஒரு கையில் ஏந்திவிடலாம். விற்றவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "ஒரு மாசக் குட்டி தம்பி. பால் ஊத்துங்க, கேரட் குடுங்க. ஒண்ணும் பண்ணாது, வளந்துரும்."

பால் ஊற்றினேன். பசும்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, இங்க் ஃபில்லரில் எடுத்து, சொட்டுச் சொட்டாக. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தும் கொடுத்தேன். குட்டிகள் சப்புக்கொட்டிக் குடித்தன. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த மூன்று நாளும் 'நான் நல்ல மனுஷன்' என்ற எண்ணம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையில் வெள்ளைக்குட்டி பெட்டியின் மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது, பின்பக்கமெல்லாம் ஈரம். ஃபில்லரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து மணிவாக்கில் செத்துப்போனது. ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

சாம்பல் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "என்ன குடுத்தீங்க?" என்றார். "பால் சார்." அவர் திட்டவில்லை. "பாலை நிறுத்துங்க, புல்லு போடுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. அந்தக் குட்டியை நான் கண்டுகொள்ளாமல் கொல்லைப்பக்கம் புல்லில் விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். கண்விழித்துக் கவனித்ததால்தான் செத்தது. அப்படியென்றால் அந்தக் கவனிப்புக்கு என்ன பெயர்? அதை அன்பு என்றே சொல்லிக்கொண்டு, 'தெரியாமல் செய்தது' என்று கடந்துபோய்விடலாமா?

ஒரு வருஷமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலில், எனக்கு என்ன தெரியாமல் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு அளவில் இருக்கும். முயலின் பாலில் அதைப் போல மூன்று மடங்கு. புரதமும் அப்படித்தான். அவ்வளவு கெட்டியான பால் என்பதால் தாய்முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டுமுறை, சில நிமிஷங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. மற்ற நேரம் குட்டிகள் பக்கமே வராது. பார்க்கிறவர்களுக்குப் பொறுப்பில்லாத தாய் மாதிரித் தெரியும். விலகி இருப்பதே அதன் பாதுகாப்பு. அடிக்கடி வந்துபோனால் எதிரிக்கு வளையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செய்ததை எந்தத் தாய்முயலும் செய்யாது.

ஒரு மாசக் குட்டி என்பது பாலிலிருந்து புல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிற வயசு. வயிற்றுக்கு அதைவிட ஆபத்தான காலம் இல்லை. முயல் தின்னும் புல்லை அதன் பெருங்குடலுக்கு முன்னால் இருக்கிற பெரிய பையில் நுண்ணுயிர்கள்தான் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அந்த நுண்ணுயிர்கள் பிறவியிலேயே இருப்பதில்லை. தாய் போட்டுவிட்டுப் போகிற புழுக்கையைக் கொறித்துத்தான் குட்டிகள் அவற்றைப் பெறுகின்றன. எட்டு வாரம்வரைக்கும் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது அதனால்தான். நாங்கள் வாங்கியவை பாதி வழியில் பறிக்கப்பட்ட குட்டிகள். அந்த வயிற்றுக்குள் நான் வேற்று மிருகத்தின் பாலை ஊற்றினேன். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

கேரட் கதையும் அப்படித்தான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த நம் எல்லோருக்கும் முயல் என்றால் கேரட். உண்மையில் கேரட் கிழங்கில் இருக்கிற சர்க்கரை முயல் வயிற்றுக்கு அதிகம். எப்போதாவது ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம், பலகாரம் மாதிரி. இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதைத்தான் நாம் குப்பையில் போடுகிறோம். முயலுக்குச் சாப்பாடு என்றால் காய்ந்த புல். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நார்ப்புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே அது அவசர நிலை.

இன்னொன்றையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நம் பாட்டிலும் கதையிலும் வருகிற முயல் இது இல்லை. அது நம் காட்டுமுயல். அதன் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பிடிப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் விற்கிற வளர்ப்பு முயல், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழித்தோன்றல். குட்டி பிறக்கும்போது ரோமமும் இருக்காது, பத்து நாளுக்குக் கண்ணும் திறக்காது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த உயிர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. சிவகாசியில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது என் வேலை. காலையிலிருந்து ராத்திரிவரை இணையத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எழுத்துரு வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் தேடுவேன். 'முயல்குட்டி என்ன சாப்பிடும்' என்று ஒரு நிமிஷம் தேடவில்லை. ஏன் என்று யோசித்தால் கிடைக்கிற பதில் அவ்வளவு நன்றாக இல்லை. குட்டி என்றால் பால் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். பால் கொடுக்கிற காட்சியில் நான் எப்படி இருப்பேன் என்றும் தெரியும். கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

3

கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். பழனி மலைப்பக்கம் ஆண்டவன். மழைக்கால மயிலைப் பார்த்தான், குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதை. வகுப்பில் யாராவது ஒருவன் கட்டாயம் கேட்டிருப்பான்: "சார், மயில் போர்வையை வச்சு என்ன பண்ணும்?" வாத்தியார் சிரித்துவிட்டு, "கேள்வி கேக்காதடா, அவன் மனசைப் பாரு" என்றிருப்பார்.

பரணருக்கு அந்தப் பையனின் கேள்வி தெரிந்தே இருந்தது. மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பது பேகனுக்கும் தெரியும், தெரிந்தேதான் கொடுத்தான் என்று புறநானூற்றில் பாடுகிறார். இந்த மாதிரிக் கொடைக்கு அவர் பயன்படுத்துகிற சொல் 'கொடைமடம்'. கணக்குப் பார்க்காத, பயன் பார்க்காத, யாருக்கு எது என்று யோசிக்காத கொடை. மடம் என்றால் அறியாமை. அந்த அறியாமையையே புகழ்ச்சியாகச் சொல்கிறது நம் மரபு.

எனக்கு இது ரொம்பப் பிடித்த சொல். வாசலில் வந்து நிற்கிறவரிடம் ஆதார் கார்டு கேட்கிற காலத்தில் கொடைமடம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் வெள்ளைக்குட்டி செத்த பிறகு அந்தச் சொல்லை மறுபடி நினைத்துப் பார்த்தேன். பேகன் கதையில் மயில் பிழைத்துக்கொண்டது. போர்வை பாட்டுக்குக் கிடந்திருக்கும், மயில் பாட்டுக்குப் போயிருக்கும். மயில் காட்டு உயிர், அதன் சாப்பாடும் தூக்கமும் பேகன் கையில் இல்லை. அதனால் அவனுடைய மடம் யாரையும் கொல்லவில்லை, நாம் இரண்டாயிரம் வருஷமாகப் பாராட்ட முடிகிறது.

அதே மயிலைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டுப் போர்வை கொடுத்திருந்தால்?

என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. வேறு வழி இருக்கிற உயிருக்கு நாம் கொடுப்பது பரிசு. அதை வாங்கிக்கொள்ளலாம், விட்டுவிட்டும் போகலாம். வேறு வழியே இல்லாத உயிருக்கு நாம் கொடுப்பதுதான் அதன் உலகம் மொத்தமும். நான் ஃபில்லரை நீட்டியபோது குட்டிக்கு முன்னால் வேறு எதுவும் இல்லை. தாய் இல்லை, புல் இல்லை, தோண்ட மண்ணும் இல்லை. மறுக்க முடியாத ஒருவருக்குக் கொடுக்கும்போது கொடுக்கிறவனின் மனசு எவ்வளவு சுத்தம் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வாங்குகிறவரின் உடம்பு எப்படிப்பட்டது என்பது.

1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதன் நலத்துக்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமை இருக்கிறது என்று அதன் 3-ஆம் பிரிவு பேசுகிறது. பாசமாக இருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. படித்தபோது வறட்சியாக இருந்தது. இப்போது அந்த வறட்சியில் ஒரு நியாயம் இருப்பதாகப் படுகிறது. பாசம் வரலாம், போகலாம். முயல் எட்டு, பத்து வருஷம் உயிரோடு இருக்கும்.

4

சாம்பல் குட்டியைப் பிழைக்கவைத்தது நான் இல்லை, அம்மா.

அம்மா இருபத்தாறு வருஷமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் நாரணாபுரம் பக்கம் 'மருந்து' என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது மாத்திரை இல்லை, வெடிமருந்து. "மருந்துல வேலை பாக்குறா" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வெள்ளைக்குட்டியைக் கொல்லையில் புதைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வேலையிலிருந்து வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மருந்துக்குன்னு ஒரு கொணம் இருக்குடா. அது நமக்காக மாறாது. நாமதான் அதுக்குத் தக்கன நடந்துக்கிறணும். இதுவும் அப்படித்தான? என்ன திங்குது, எப்ப திங்குது, எதக் கண்டு பயப்படுதுன்னு மொதல்ல பாரு. கொஞ்சுறதெல்லாம் அப்புறம்."

எனக்கு அது உறைத்தது. ஆலையில் யாரும் மருந்தை நல்லெண்ணத்தோடு கையாண்டால் போதும் என்று நினைப்பதில்லை. உராய்வு ஆகாது, இரும்பு ஆகாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது. கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது, ஈரம் பட்டால் தானே சூடேறும். இந்த விதிகள் எல்லாமே ஒரு பொருளின் குணத்துக்குக் கொடுக்கிற மரியாதை. விபத்து நடக்கிற இடத்தில் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று மீறப்பட்டிருக்கும். மீறியவர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. தீபாவளிக்கு முன்னால் ஆர்டரை முடிக்கவேண்டும் என்ற அவசரம் போதும்.

அம்மா முயலுக்கு முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் நேராகக் குளிக்கப் போவாள், அதற்கு முன் குட்டியைத் தொடமாட்டாள். அலுமினியத் தூள் பட்டுக் கை வெள்ளிப் பூச்சாக இருக்கும். "அது எந்நேரமும் தன் ஒடம்ப நக்கிக்கிட்டே இருக்குல்ல? எங்கையில இருக்கது அது வயித்துக்குள்ளதான போகும்?" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே பார்த்துக் கண்டுபிடித்தது இது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கையோடு சோறு சாப்பிடுகிறவள் அவள் என்பது எனக்கு அப்போதுதான் சுருக்கென்று பட்டது.

முதல் இரண்டு வாரம் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும். பிறகு அருகம்புல். பிறகு தெரிந்தவர் தோட்டத்திலிருந்து வேலிமசால். ஒவ்வொரு புது இலையும் தனியாக, துளி அளவு. அடுத்த நாள் காலை புழுக்கையைப் பார்ப்பாள். உருண்டையாக, காய்ந்து, ஒரே அளவில் இருந்தால் சரி. சின்னதாகப் போனாலோ குழைந்தாலோ அந்த இலை நிறுத்தம். கொத்தமல்லி தேறியது, முருங்கை கொஞ்சம் தேறியது, முட்டைக்கோஸ் தேறவில்லை. பழைய காலண்டரின் பின்பக்கம் பாப்பா எல்லாவற்றையும் எழுதினாள். ஒருநாள் அதிகாலையில் முயல் குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ எடுத்துத் தின்பதைப் பார்த்துவிட்டு நான் பதறித் தடுக்கப் போனேன். அம்மா "இரு, கேளு மொதல்ல" என்றாள். இந்தமுறை தேடினேன். புழுக்கையில் இரண்டு வகை உண்டாம். மென்மையான ஒரு வகையை முயல் மறுபடி தின்றே ஆகவேண்டும், அதில்தான் நுண்ணுயிர்கள் செய்துவைத்த சத்தெல்லாம் இருக்கிறது. என் அருவருப்பை நம்பியிருந்தால் இரண்டாவது குட்டிக்கும் கெடுதல் செய்திருப்பேன்.

பாப்பாவுக்குத்தான் கஷ்டம். தூக்கக் கூடாது என்றுவிட்டோம். தூக்கினால் அது அசையாமல் கிடக்கும், சுகமாக இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். பருந்து தூக்கினாலும் அது அப்படித்தான் கிடக்கும் என்பது அப்புறம் புரிந்தது. பயந்தால் உறைந்துபோவது அதன் குணம். அதனால் தரையில் உட்கார்ந்து, கையை வைத்துக்கொண்டு, அது வரும்வரை காத்திருக்கவேண்டும். இருபது நாளுக்கு மேல் காத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அது வந்து அவள் கால் கட்டைவிரலில் தாடையை உரசிவிட்டுப் போனது. தாடைக்குக் கீழே வாசனைச் சுரப்பி இருக்கிறது, தனக்குத் தெரிந்த பொருள் என்று அடையாளம் வைக்கிற பழக்கம். மேஜைக்காலிலும் அப்படித்தான் உரசும். பாப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

பங்குனி, சித்திரை வந்தது. முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியே போகும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும் உயிருக்கு விருதுநகர் மாவட்டத்து வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஓட்டுக்குக் கீழே ஈரச்சாக்கு, உடைந்த மண்பானையைக் கவிழ்த்து ஒரு குகை, பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி ஒரு ஓரத்தில். அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

5

அந்த ஐஸ் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா கேட்டார். "மனுசன் செத்தாலே நாலு நாள்ல மறந்துர்ற ஊரு இது. முயலுக்கு ஐஸ் பாட்டிலாடா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, முதல் வெடிக்குப் பிறகு பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிப்போனவர்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. தூரத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் வாசலுக்கு வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். அப்புறம் அந்தத் திசையில் வேலைக்குப் போனவர்களுக்குப் போன் அடிப்போம். எடுக்கும்வரை மூச்சு வராது. இப்படிப்பட்ட இடத்தில் முயலைப் பற்றி ஆறு பக்கம் எழுதுவது கொஞ்சம் அசிங்கமாகக்கூடத் தெரியலாம்.

சித்தப்பாவின் இரண்டாவது வாதம் இன்னும் நேரடியானது. "கறிக்கு வளக்குற சாமான்தான அது?" அதுவும் உண்மை. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை வளர்த்து, இறைச்சிக்கு வளர்க்கிற விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். பேகன் ஆண்ட பழனி மலைத்தொடரேதான் அதுவும். நான் கறி சாப்பிடுகிறவன், அதனால் அந்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சொல்லப்போனால் முயலுக்கு எந்தப் புல், எந்தக் குளிர்ச்சி, எத்தனை வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கலாம் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கறிக்கு வளர்க்கிறவர் கையில் குட்டி பிழைக்கிறது, கொஞ்சுவதற்கு வாங்கியவன் கையில் செத்துவிடுகிறது. இந்த முரணை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் முதல் வாதத்துக்குப் பதில் உண்டு என்று நினைக்கிறேன். அதுவும் பேகன் கதையிலேயே இருக்கிறது, பள்ளிப் புத்தகம் சொல்லாத பாதி. பேகனின் மனைவி பெயர் கண்ணகி, சிலப்பதிகாரக் கண்ணகி வேறு. மயிலின் குளிரைப் புரிந்துகொண்டவன் அவளை விட்டுப் பிரிந்துபோய்விட்டான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசு வேண்டாம், வீட்டில் அழுதுகொண்டிருக்கிறவளிடம் போ என்று பாடவேண்டியிருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது கண்ணீரிலேயே தெரிந்தது. அவன் பார்க்கவில்லை.

சித்தப்பா சொல்வது போல முயல் மேல் காட்டுகிற அக்கறை மனுஷன் பங்கிலிருந்து திருடப்பட்டதா? கவனிப்பு என்பது அண்டாவில் இருக்கிற தண்ணீர் என்றால், ஒருவருக்கு மொண்டு கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும்தான். என் வீட்டில் நடந்தது வேறு. முயலுக்காகக் கை கழுவிய அம்மாவைப் பார்த்த பிறகுதான் அந்தக் கையையே நான் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் அதே கைதான் எனக்குச் சோறு போட்டது. அவளுடைய இருமலை நான் ஒரு ஒலியாக மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி. புழுக்கையின் அளவு குறைந்தால் கவனிக்கப் பழகியவனுக்கு அம்மா சாப்பிடுகிற இட்லி நாலிலிருந்து இரண்டானதும் கண்ணில் பட்டது. நுரையீரல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை சாப்பிடுகிறாள். வேலைக்கும் போகிறாள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வெளியூர் நண்பர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் நாய்கள் பயப்படுவதைப் பற்றிப் பதிவு போடுகிறார்கள். பயப்படுகின்றன, உண்மைதான். நாங்கள் முயலை வைத்திருக்கிறோம், எங்களுக்கே தெரியும். ஆனால் அந்தப் பதிவுகளில் வெடி என்பது எங்கிருந்தோ தானாக வந்துவிடுகிறது, அதைச் செய்கிற கை எதிலும் இல்லை. சித்தப்பா முயலை விட்டுவிடுகிறார், அவர்கள் அம்மாவை விட்டுவிடுகிறார்கள்.

6

தீபாவளி வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் வெடிக்க இரண்டு மணி நேரம்தான் அனுமதி, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. காகிதத்தில் அப்படி. பட்டாசு செய்கிற ஊரில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது சட்டம் அனுமதிக்கிற உச்சம். அந்தச் சத்தம் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தாலும் முயலின் நெஞ்சு அதைத் தாங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பயத்திலேயே செத்துப்போகக்கூடிய உயிர் அது.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி. கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாக அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே அந்தப் பழக்கம் உண்டு. பறவைகள் எந்த மாசம் வரும், எப்போது முட்டையிடும், எதற்கு மிரளும் என்று பார்த்துப் பார்த்து, அதற்குத் தக்க மாதிரி தங்கள் பண்டிகையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள். கண்மாயில் ஒரு பறவைக்கும் அவர்கள் போர்வை கொடுக்கவில்லை.

ஆனால் அவர்கள் வெடிக்காமல் விடுகிற வெடியை எங்கள் ஊர்தான் செய்கிறது. எல்லா ஊரும் கொள்ளுகுடிப்பட்டி ஆகிவிட்டால் அம்மாவுக்கு வேலை இல்லை. முயலுக்கு வாங்குகிற வேலிமசாலும் அந்தக் கூலியில்தான் வருகிறது. இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை, அவிழ்த்துவிட்ட மாதிரி இங்கே நடிக்கவும் விரும்பவில்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான். நடு அறையில், ஜன்னல் இல்லாத மூலையில் கூண்டை வைத்தோம். மேலே இரண்டு கம்பளி, பக்கத்தில் சத்தம் போடுகிற பழைய ஃபேன், உள்ளே கவிழ்த்த பானை, நிறையப் புல். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டோம். அந்த வருஷம் எங்கள் வாசலில் வெடி இல்லை.

வெளியே முதல் பெரிய சத்தம் கேட்டதும் முயல் பின்னங்காலால் தரையை ஒருமுறை ஓங்கித் தட்டியது, கூட்டத்துக்கு ஆபத்து என்று சொல்கிற தட்டு. அந்த அறையில் அதன் கூட்டம் என்று இருந்தது நாங்கள்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் ஒரு நொடி அசையாமல் இருந்தாள். தீபாவளிச் சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் அந்த நொடி வரத்தான் செய்கிறது. புகை எந்தப் பக்கம் என்று தேடிப் பழகிய உடம்பு.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது பாப்பா கேட்டாள், "மாமா, வெள்ளக்குட்டி ஏன் செத்துச்சு?"

காய்ச்சல் வந்து செத்தது என்று அப்போது சொல்லிவைத்திருந்தேன். மறுபடி அதையே சொல்லியிருக்கலாம். "பால் குடுத்ததால செத்துச்சு. முயலுக்கு மாட்டுப்பால் ஆகாது. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கம்பளியின் ஓரத்தைத் தூக்கி ஒரு அருகம்புல்லைக் கம்பிக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். முயல் வரவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா எழுந்து கம்பளியை விலக்கிப் பார்த்தாள். பானைக்குள்ளிருந்து ஒரு காது தெரிந்தது. தட்டில் புழுக்கை எண்ணிப் பார்த்தாள், வழக்கத்தைவிடப் பாதிதான் இருந்தது. காலண்டரை எடுத்து அதை எழுதச் சொன்னாள்.